மஞ்சள் குடையும் பிறந்த வீட்டுக் கோடியும்

1

இன்று அக்காவுக்குத் தலைத்திவசம். சுருளிப்பட்டியில் மச்சான் வீட்டில் படையல் போட்டு, காக்காய்க்கு வைத்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். நான் இங்கே லண்டனில், ஆல்ட்கேட் ரயில் நிலைய வாசலில், வழக்கம்போல மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை ஒன்றும் இல்லை. இந்தக் குடை மழைக்கானது அல்ல. பணம் கட்டி நடக்க வந்தவர்கள் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடிப்பதற்கானது.

ஊருக்குப் பேசும்போது என்ன வேலை என்று கேட்பார்கள். நடக்கிற வேலை என்பேன். பழைய கட்டடங்களைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டும், நடந்துகொண்டே அவற்றின் கதையைச் சொல்ல வேண்டும். "நடக்குறதுக்குமா அங்கன சம்பளம் குடுக்குறாக?" என்று மச்சான் ஒருமுறை நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார். உத்தமபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் வெள்ளைக்காரன் நம் நாட்டை ஆண்ட கதையை நடத்திக்கொண்டிருந்தவன் நான். இப்போது வெள்ளைக்காரனுக்கே அவன் ஊர்க் கதையை நடத்துகிறேன். இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

என் மனைவி செல்வி நர்ஸ். அவளுக்குத்தான் இங்கே வேலை கிடைத்தது. அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டு நானும் மகள் நிவேதாவும் வந்து சேர்ந்தோம். அரசாங்கக் காகிதங்களில் எனக்கு 'டிபெண்டன்ட்' என்று பெயர். மீசை நரைத்த பிறகு ஒருவனுக்கு இந்தப் பெயர் வருவது எப்படி இருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

காலையில் நிவேதா பள்ளிக்குக் கிளம்பும்போது, இன்றைக்கு அத்தைக்குத் திவசம் என்று சொன்னேன். வாயில் டோஸ்ட்டோடு ஒரு நிமிடம் யோசித்தாள். "அது நல்ல நாளாப்பா, கெட்ட நாளா? நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டாள். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஒன்றும் சொல்ல வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போ என்றேன். கதவைச் சாத்திய பிறகு எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அதனால்தான் வேலை முடிந்து வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

அக்கா பெயர் பேச்சியம்மாள். நாங்கள் பிறந்தது காமயகவுண்டன்பட்டி. பக்கத்தில் சுருளிப்பட்டிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மச்சானுக்கு அங்கே கொஞ்சம் திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு அடியில் நாளெல்லாம் கழுத்தை அண்ணாந்து கொடிகளைக் கவாத்து வெட்டி, பேசும்போதும் முகத்தைத் தூக்கியே பேசுகிற பழக்கம் அக்காவுக்கு வந்துவிட்டது. புதிதாகப் பார்ப்பவர்கள் திமிர் என்று நினைப்பார்கள். திமிரும் கொஞ்சம் உண்டு.

நாங்கள் இங்கே வந்த மறுவருஷம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்தில் இரண்டு நாள் தேனி அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். சுருளிப்பட்டியிலிருந்து கம்பம், கம்பத்திலிருந்து தேனி, பஸ்ஸிலேயே போய் பஸ்ஸிலேயே திரும்புவாள். மிஷினில் படுத்திருக்கும் நேரம்தான் அவளுக்கு என்னோடு பேசும் நேரம்.

"ஏலே, வெள்ளைக்காரனுக்கே அவன் ஊரைச் சுத்திக் காட்டுறியாம்ல? அவனுக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"கண்ணு இருக்குக்கா. கதை தெரியாது."

"அப்ப எனக்கும் காட்டு. நானும் இங்கன சும்மாத்தான கெடக்கேன்."

ஒரு விடுமுறை நாளில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மொத்த வழியையும் அவளுக்கு நடந்து காட்டினேன். கூட்டம் கிடையாது, அவள் ஒருத்திதான். பிரிக் லேனில் ஒரு பழைய செங்கல் கட்டடம் இருக்கிறது. பிரான்சிலிருந்து மதச் சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் கட்டிய தேவாலயம். அவர்கள் போன பிறகு யூதர்கள் வந்து அதையே தங்கள் ஜெபாலயமாக்கிக்கொண்டார்கள். அவர்களும் போன பிறகு வங்காள முஸ்லிம்கள் பள்ளிவாசலாக்கினார்கள். இப்போதும் தொழுகை நடக்கிறது.

"ஒரே கட்டடத்துல மூணு சாமியா?" என்றாள். "நம்ம பக்கம் ஒரே தெருவுல ரெண்டு சாமி இருந்தாலே போலீஸ் வந்து நின்னுக்குது."

பெரிய வெள்ளைத் தேவாலயத்தின் முற்றத்தில் கல்லறைக் கற்களைக் காட்டியபோது, போனைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாள். "இம்புட்டு வருஷமா செத்தவுகளை ஊருக்குள்ளயே வச்சிருக்கான். நம்மளுக்கு இருட்டுறதுக்குள்ள எடுத்துரணும்" என்றாள். பிறகு நர்ஸ் வந்து, பேசாமல் படும்மா என்று திட்டியதும் போனை வைத்துவிட்டாள்.

3

ஊரை விட்டு வெகுதூரத்தில் வளர்ந்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கல்யாணமான பெண் செத்துப்போனால், பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி என்போம். கூடப்பிறந்தவன் தாம்பாளத்தில் வைத்துக் கொட்டு முழக்கோடு கொண்டுவந்து, அவள் மேல் போர்த்த வேண்டும். அது வராமல் தூக்க மாட்டார்கள். புருஷன் வீட்டில் அவள் எத்தனை வருஷம் உழைத்திருந்தாலும், கடைசித் துணி பிறந்த வீட்டுத் துணிதான். அண்ணன் தம்பி இல்லாதவளுக்குப் பங்காளி போடுவான். அண்ணனோ தம்பியோ இருந்தும் பங்காளி கொண்டுவந்தால், கூடி நிற்கிற பெண்கள் அதை ஒப்பாரியிலேயே வைத்துப் பாடிவிடுவார்கள். அவளுக்கு யாரும் நாதியில்லை என்று ஊர் சொல்லும்.

அப்பா அம்மா இல்லை. அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

4

போன வருஷம் அந்தக் காலையில், பத்துப் பன்னிரண்டு பேர் குடையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். என் பெயர் முருகேசன், நீங்கள் மர்ரி என்று கூப்பிட்டாலும் திரும்புவேன் என்று சொல்லி வழக்கமான சிரிப்பை வாங்கிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பெரியப்பா மகன் ராசாங்கம் அண்ணன். அவர் வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒதுங்கினேன்.

"ஏலே முருகேசா, எங்கன இருக்க?"

"வேலையில இருக்கேண்ணே."

"அக்கா போயிருச்சுடா."

கையில் இருந்த குடையைத் தாழ்த்தினேன்.

"மிஷின்ல இருந்து எடுத்ததுமே மூச்சு நின்னுருச்சாம். ஆஸ்பத்திரியில குடுத்துட்டாக. வண்டி சின்னமனூர் தாண்டிருச்சு. மச்சான் கேக்கச் சொன்னாக, நீ வாரியான்னு. வாரன்னா நாளைக்குப் பொழுது சாயுற வரைக்கும் வச்சிருப்பாக, ஐஸ்பெட்டி சொல்லிரலாம். வரலைன்னா இன்னைக்கே இருட்டுறதுக்குள்ள எடுத்துரணும். கோடிக்கு நீதானடா நிக்கணும்?"

"கொஞ்ச நேரத்துல சொல்றேண்ணே."

"வெரசாச் சொல்லு."

இங்கே காலை என்றால் அங்கே பிற்பகல் மூன்று மணி. நான் திரும்பிப் போய், குடையைத் தூக்கி, "இந்தப் பக்கம் வாருங்கள்" என்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பலர் கேட்டுவிட்டார்கள். கூட்டத்தை நடுத்தெருவில் விட முடியாது என்பது நான் எல்லாரிடமும் சொல்லும் காரணம். நடந்துகொண்டிருக்கும்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் உண்மையான காரணம்.

செல்வியின் வேலை விசா புதுப்பிக்கப் போயிருந்தது. அவளோடு சேர்த்து எங்கள் இருவருடையதும். விண்ணப்பம் அரசாங்கத்தின் கையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால், விண்ணப்பத்தை நாமே திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கணக்கு. திரும்பி வர, ஊரிலிருந்து முதலில் இருந்து எழுதிப் போட வேண்டும். எத்தனை மாதம் ஆகும், கிடைக்குமா கிடைக்காதா, யாருக்கும் தெரியாது. செல்விக்கு வாரத்தில் பாதி இரவு வேலை. அந்த இரவுகளில் நிவேதாவோடு வீட்டில் இருப்பது நான்தான்.

முதல் நிறுத்தத்தில் ஆயாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் குடும்பங்கள் கப்பலில் ஊர் திரும்பும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நம் நாட்டிலிருந்து பெண்களைக் கூட்டிவருவார்கள். கரை இறங்கியதும் சிலரை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். திரும்பிப்போக வழியில்லாமல் நின்ற அந்தப் பெண்களுக்கு இந்தப் பகுதியில் ஒரு விடுதி இருந்தது. வாரத்தில் நான்கு நாள் சொல்கிற கதை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பெண்களில் இங்கேயே செத்தவர்களுக்கு யார் கோடி போட்டிருப்பார்கள் என்று அதுவரை நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

தேவாலயத்துக்குப் போகும் வழியில், முன்னால் நடந்துகொண்டே விசா வக்கீல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பெண் எடுத்தாள். நல்ல பெண்தான். வருத்தம் தெரிவித்தாள். கருணை அடிப்படையில் சீக்கிரம் முடிவு கேட்டு எழுதலாம், பதில் வர சில வாரங்கள் ஆகலாம் என்றாள்.

"இறுதிச் சடங்கு என்றைக்கு?"

"இன்றைக்கு. அல்லது நாளைக்கு."

"இன்றைக்கா?" என்றாள். அவள் குரலில் இருந்த திடுக்கிடலை நான் மறக்கவில்லை. இந்த ஊரில் பிணத்துக்கு அவசரம் கிடையாது. இரண்டு வாரம், மூன்று வாரம் குளிர்பெட்டியில் வைத்து, எல்லாருக்கும் வசதியான ஒரு நாளில் புதைப்பார்கள். நாங்கள் ஏதோ அக்காவை விரட்டி அனுப்புவதுபோல அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நீங்கள் போவதானால் உங்கள் விண்ணப்பம் அத்தோடு போய்விடும், அதை நான் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்றாள். தெளிவாகத்தான் இருந்தது.

அக்காவின் கருமாதி முடிந்த அதே வாரத்தில் விசா கிடைத்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. செல்வி அதை எனக்குப் படித்துக் காட்டவில்லை. மேசைமேல் போனைத் திறந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

5

வெள்ளைத் தேவாலயத்துக்குள் கூட்டத்தை அழைத்துப்போய் மேற்கூரையையும் தூண்களையும் காட்டுவது வழக்கம். அன்றைக்கு வாசல்படியில் என் கால் நின்றுவிட்டது. சாவுக் கேதம் கேட்ட உடம்பு. தலைக்கு ஊற்றவில்லை. சாமி கும்பிடுகிற இடத்துக்குள் எப்படிக் கால் வைப்பது? யாருடைய சாமியாக இருந்தால் என்ன? எனக்கே இது அபத்தமாகத்தான் இருந்தது. பக்தியெல்லாம் எனக்குப் பெரிதாகக் கிடையாது. ஆனாலும் கால் போகவில்லை. நீங்கள் உள்ளே போய்ப் பாருங்கள், நான் இங்கே நிற்கிறேன் என்றேன்.

வழிகாட்டியே உள்ளே போகவில்லை என்றால் ஏதோ தடை இருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் என்னோடு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். அதில் மார்கரெட் என்று ஒரு வயதான பெண்மணி, வடக்கே ஏதோ ஊரிலிருந்து வந்தவர், நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கள் ஏன் போகவில்லை?"

என்ன சொல்வது என்று யோசிக்கும் முன்னே, என் அக்கா எக்ஸ்பயர்டு என்று வந்துவிட்டது. இந்த வேலைக்குப் பயிற்சி எடுத்தபோதே திருத்தியிருந்தார்கள், அந்த வார்த்தை பால் பாக்கெட்டுக்குத்தான், மனிதர்களுக்கு இல்லை என்று. அவர் புரியாமல் பார்த்தார். இறந்துவிட்டாள் என்று சரியாகச் சொன்னேன்.

"அடடா. எப்போது?"

"இன்று காலை."

அவர் என் முகத்தையும் கையில் இருந்த மஞ்சள் குடையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியானால் நீங்கள் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்றார்.

குத்திக்காட்டவில்லை. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. நல்லவேளையாக அப்போது ராசாங்கம் அண்ணன் போன் வந்தது. பின்னால் கொட்டுச் சத்தமும் பெண்கள் குரலும் கேட்டன.

"என்னடா, சொல்றேன்னு சொன்ன?"

"பாத்துக்கிட்டு இருக்கேண்ணே."

"இங்கன பெரிய ஆளுக எல்லாம் வந்துட்டாக. மச்சான் அவசரப்படுத்தல. நீ வாரதா இருந்தா வச்சிருக்கத்தான் சொல்றாரு. ஆனா ஒரு வார்த்தை சொல்லணும்லடா?"

6

பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த தெருவில், வெளிச்சத்துக்காக மேல்மாடியில் பெரிய பெரிய ஜன்னல் வைத்த வீடுகளைக் காட்டிவிட்டு, படம் எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்தேன். நான் அனுப்பியிருந்த செய்தியைப் பார்த்துவிட்டு, செல்வி வேலை இடைவேளையில் கூப்பிட்டாள். அவளும் கம்பத்துப் பிள்ளைதான். அக்காவுக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாது, ஆனால் அழுதாள்.

"போகணும்னா போங்க. நான் எப்படியாச்சும் பாத்துக்கிறேன்" என்றாள்.

"ராத்திரிக்கு நிவேதா?"

"அதான் பாத்துக்கிறேன்னு சொல்றேன்ல." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா எப்ப வருவீகன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அவ கேப்பா. நான் என்ன சொல்ல?"

அவளை உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள்.

அந்த மூன்று சாமிக் கட்டடத்தின் முன்னால் போய் நின்றோம். அங்கே நான் எப்போதும் சொல்கிற ஒரு நகைச்சுவை உண்டு. "இந்தக் கட்டடம் இரண்டு முறை மதம் மாறியிருக்கிறது. என் நண்பர்கள் இதுவரை ஒருமுறைகூட டீக்கடை மாறியதில்லை." அன்றைக்கும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். மார்கரெட் மட்டும் சிரிக்கவில்லை. என் வாயிலிருந்து அந்த நகைச்சுவை இடறாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அத்தனை சுத்தமாக வந்ததைக் கேட்டதும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. நான் போகப்போவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. போகிறவன் இப்படியா நின்று சிரிக்கவைத்துக்கொண்டிருப்பான்?

கடைத்தெருவில் ஒரு இனிப்புக் கடைக்குள் எல்லாரையும் அனுப்பிவிட்டு, சுவரோரமாக நின்று அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, என்னால வர முடியலைண்ணே."

"சரிடா."

"வந்தா திரும்ப விடமாட்டாகண்ணே. பிள்ளை இங்கன..."

"சரிடா, விடு. புரியுது."

"அண்ணே, ஒரே ஒரு உதவி. கம்பத்துக்கு ஆளை விட்டு நல்ல சேலையா ஒண்ணு எடுத்தாரச் சொல்லுங்க. நீங்க போடுங்க, ஆனா என் பேரைச் சொல்லிப் போடுங்க. தம்பி கோடின்னு சொல்லணும். பங்காளி போட்டான்னு யாரும் சொல்லக் கூடாதுண்ணே."

அண்ணன் கொட்டுச் சத்தத்தை விட்டு விலகி நடந்து வருவது தெரிந்தது.

"எடுக்க வேண்டாம்டா. இருக்கு."

"என்ன இருக்கு?"

"சேலை. உங்க அக்காதான் எடுத்து நம்ம வீட்டுல குடுத்து வச்சிருக்கு. போன ஆடித் தள்ளுபடியில எடுத்துச்சாம். உங்க மதினிகிட்ட குடுத்து, 'நான் போனா தம்பியால வர முடியாது. அவனுக்கு அங்கன ஆயிரம் ரோதனை. கேட்டா வாரேன்னுதான் சொல்லுவான், நீங்க அவனைப் போட்டுப் படுத்தாதீக. இதை எடுத்துட்டு வந்து தம்பி அனுப்புனதுன்னு சொல்லிப் போட்டுருங்க'ன்னு சொல்லிருக்கு. இதெல்லாம் வாங்கி வைக்கக் கூடாது ஆத்தான்னு மதினி சத்தம் போட்டதுக்குச் சிரிச்சுக்கிட்டே போயிருச்சாம்."

"எங்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"நீயா வாரேன்னு சொன்னா இதை எடுக்கவே கூடாதுன்னும் சொல்லிருக்கு. அதான் உன் வாயால வரட்டும்னு இருந்தேன்."

7

கூட்டத்தை எப்படி முடித்து அனுப்பினேன் என்று நினைவில்லை. மார்கரெட் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனது மட்டும் தெரியும். திரும்பி நடந்து அந்தத் தேவாலயத்துக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அண்ணன் மகள் வீடியோ கால் போட்டாள்.

சுருளிப்பட்டித் தெரு. வெயில் இறங்கியிருந்தது. முன்னால் கொட்டு, பின்னால் தாம்பாளத்தோடு ராசாங்கம் அண்ணன். வாசலில் நின்று, "லண்டன்ல இருந்து தம்பி அனுப்புன கோடி" என்று சத்தமாகச் சொன்னார். ஊர் கேட்க வேண்டும் என்று மறுபடியும் ஒருமுறை சொன்னார். மச்சான் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். அவருக்கு விஷயம் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

சேலையைப் பிரித்தார்கள். கத்தரிப்பூ நிறம், அரக்குக் கரை. அக்காவின் மேல் போர்த்தினார்கள். முகம் மட்டும் தெரிந்தது, அப்போதும் லேசாகத் தூக்கியிருந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். நாதியில்லை என்று யாரும் பாடவில்லை. கடல் தாண்டிப் போனாலும் மறக்காத தம்பி என்று என்னைப் பாடினார்கள். போனை அணைத்துவிடலாம் என்று விரல் போனது. அப்படித் தப்பிக்கவும் எனக்குத் தகுதியில்லை என்று தோன்றியதால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, எனக்கு யாரென்று தெரியாது, அந்த முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பிச் சொன்னார்:

"தம்பி எடுத்ததுன்னு சொல்லாமலே தெரியுது பாரு ஆத்தா. பேச்சிக்கு என்ன கலரு புடிக்கும்னு கூடப்பொறந்தவனுக்குத்தான தெரியும்."